பி ஒன்பது, கீழே கோடு

அத்தியாயம் 11

மார்ச் 11, செவ்வாய்.

இன்றைய தவறு: இடைத்தேர்வு, ஏழாம் கேள்வி. மைனஸ் நாலை அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்ற மறந்தேன். b = 1 என்று எழுதிவிட்டேன். பிறகு அதை அடித்துவிட்டு 9 என்று திருத்தினேன்.

எப்படிக் கண்டுபிடித்தேன்: சொல்லத் தெரியவில்லை. ஒன்பது என்று சட்டென்று தோன்றியது.

இனி என்ன செய்வேன்: குறி மாறும் இடத்தில் பென்சிலை ஒரு நொடி நிறுத்துவேன்.

அரை நாள் லீவு போட்டு வீட்டிலிருந்தே தேர்வு எழுதிய மார்னி ஹுடாக், அன்று மாலையே இந்தக் குறிப்பை வகுப்பின் இணையதளத்தில் ஏற்றிவிட்டாள். தினம் ஒரு தவறையாவது எழுதி அனுப்ப வேண்டும் என்பது அல்ஜீப்ரா ஆசிரியர் டெவ்லினின் ஏற்பாடு. மற்ற மாணவர்கள் ‘கவனக்குறைவு’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்கள். மார்னிக்கு அப்படி வராது. கோர்ட்டில் சாட்சி சொல்பவளைப் போல நடந்ததை நடந்தபடி எழுதுவாள். எழுதிய பிறகு, எதையாவது விட்டுவிட்டோமோ என்று திரும்பப் படிப்பாள். அனுப்பிய பிறகும் ஒருமுறை படிப்பாள்.

அந்தப் பழக்கம்தான் வியாழக்கிழமை அவள் கழுத்தைப் பிடித்தது.

பகலில் பல் டாக்டரின் வரவேற்பு மேஜை, மாலையில் கம்யூனிட்டி காலேஜின் ஆன்லைன் வகுப்பு என்று மார்னி ஓடிக்கொண்டிருப்பதை அறிவோம். பள்ளியை முடித்த புதிதில் ஒருமுறை எடுத்துத் தோற்ற அதே அல்ஜீப்ரா. இந்த முறை தேறினால் ஆகஸ்டில் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பில் அவளுக்கு இடம் இருக்கிறது. தேறாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். அப்பா லென் அக்டோபரில் பக்கவாதம் வந்து விழுந்தார். கை கால் ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. அம்மா டோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்துகொண்டே அவரைப் பார்த்துக்கொள்கிறாள். இந்த நிலையில்தான் டெவ்லினிடமிருந்து இரண்டு வரி மெயில் வந்தது. ‘உங்கள் தேர்வைப் பற்றிப் பேச வேண்டும். வியாழன் மதிய இடைவேளையில் வீடியோவில் வாருங்கள்.’

மதியம் மார்னி டாக்டர் கட்டடத்தின் பின்னால் நிறுத்தியிருந்த காரில் போய் உட்கார்ந்தாள். ஓரத்தில் குவித்துவைத்த பனி கறுத்துப் போய் இன்னும் கரையாமல் கிடந்தது. போனை ஸ்டியரிங்கில் சாய்த்துவைத்தாள். மடியில் சாண்ட்விச் பிரிக்காமல் இருந்தது.

டெவ்லினின் முகம் வந்தது.

“சாப்பிடற நேரத்துல கூப்பிட்டுட்டேன், மிஸ் ஹுடாக். மன்னிக்கணும்.”

“பரவாயில்ல, மிஸ்டர் டெவ்லின். பதினொண்ணாவது கேள்வியில நான் ஒரு குறியைத் திருப்ப விட்டுட்டேன். அதைப் பத்தியா?”

“இல்ல.” அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “பரீட்சைக்கு முன்னாடி கேமராவுல ரூமைச் சுத்திக் காட்டினீங்க இல்லையா, முதல்ல அந்தப் பதிவைப் பாப்போம்.”

திரையில் அவளுடைய அறை ஒரு சுற்றுச் சுற்றியது. கூடவே அவள் குரல். “கதவு பூட்டியிருக்கு. மேஜையில வெறும் பேப்பர், பென்சில். வீட்டுல அப்பா மட்டும் இருக்காரு. அவருக்குப் பேச வராது. அதனால சத்தம் எதுவும் இருக்காது.”

கடைசி இரண்டு வாக்கியங்களை யாரும் அவளிடம் கேட்கவில்லை. தானாகச் சொல்லியிருந்தாள்.

“இப்ப இதைக் கேளுங்க.”

ஏழாம் கேள்வி. திரையில் மார்னி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பின்னணியில் ஹீட்டரின் உறுமல். அது நின்றது. நின்ற அந்த அமைதியில், எங்கோ கீழேயிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. கரகரத்த குரல். ஆனால் தெளிவாக இருந்தது.

“பி... ஒம்பது. கீழ கோடு.”

திரையிலிருந்த மார்னியின் தலை இடப்பக்கம் திரும்பித் தரையைப் பார்த்தது. மறுபடி நிமிர்ந்தது. பென்சில் எதையோ அடித்தது, எழுதியது, எழுதியதற்குக் கீழே ஒரு கோடு இழுத்தது.

“இன்னொரு தடவ போடவா?”

“வேண்டாம்.”

அவர் போட்டார்.

“கடைசி விடைக்குக் கீழ கோடு போடணும்னு எல்லாருக்கும் சொல்லியிருக்கேன்,” என்றார் டெவ்லின். “இந்த ஆளு விடையையும் சொல்றாரு, கோடு போடவும் சொல்றாரு. நீங்க ரெண்டையும் பண்றீங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் உங்க பேப்பர்ல ஒண்ணுன்னு இருந்திருக்கு.”

“எனக்கு யாரும் சொல்லித்தரல, சார். அந்தக் கணக்கை இப்பவே போட்டுக் காட்டறேன். கோடு ரெண்டு புள்ளி வழியாப் போகுது. சாய்வு மைனஸ் ரெண்டு...”

“உங்களுக்குப் போடத் தெரியும்னு எனக்குத் தெரியும். நான் கேக்கறது செவ்வாய்க்கிழமையைப் பத்தி.” அவர் எதையோ எடுத்துப் படித்தார். “‘ஒன்பது என்று சட்டென்று தோன்றியது.’ நீங்க எழுதினதுதான். என் வகுப்புல உள்ளதை உள்ளபடி எழுதற ஒரே ஆளு நீங்க. அதனாலதான் கமிட்டிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி உங்களையே கேக்கறேன். அந்தக் குரல் யாரோடது?”

மார்னி வாயைத் திறந்தாள்.

‘கீழ கோடு’ என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் சொல்லுவார். பிங்கோ ஆட்டத்தில் ஒவ்வொரு பந்திலும் பி, ஐ, என், ஜி, ஓ என்ற எழுத்துகளில் ஒன்றும் ஒரு எண்ணும் இருக்கும்; கூவக் கூவ ஆட்டக்காரர்கள் தங்கள் அட்டையில் குறிப்பார்கள். பந்தில் ஆறையும் ஒன்பதையும் தலைகீழாகப் பிடித்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும். அதற்காக அடியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். பந்தை எடுத்து எண்ணைக் கூவுகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்வார்களே தவிர, அதைச் சேர்த்துக் கூவ மாட்டார்கள். லென் ஹுடாக் கூவுவார். ஊர்த் தீயணைப்புக் கூடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆறா ஒன்பதா என்று இரண்டு பெண்கள் மயிரைப் பிடித்துக்கொள்ளும் வரை போனதிலிருந்து அவருக்கு அது பழக்கம். மேடையில் அந்தக் குரல் கூவிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே நாற்காலிகளுக்கு நடுவில் விளையாடி வளர்ந்தவள் மார்னி.

ஆனால் அந்த மனிதருக்குப் பேச்சு இல்லை. விழுந்த நாளிலிருந்து ‘தண்ணி’ என்ற ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து முழுசாக வரவில்லை. அவருக்குப் பேச வராது என்று அவளே சொன்னதை இப்போதுதான் இருவரும் சேர்ந்து கேட்டார்கள். இனி ‘அது என் அப்பா’ என்று எந்த வாயால் சொல்வது?

அதைவிட வேறொன்று அவளை உறுத்தியது. திரையில் தலை திரும்பியது. அவள் தலைதான். திரும்பியது அவளுக்கு நினைவே இல்லை. அப்படியென்றால் அந்தக் குரல் காதில் விழுந்ததா? விழுந்துதான் ஒன்பது தோன்றியதா?

“மிஸ் ஹுடாக்?”

“எனக்குத் தெரியல.”

“யாருன்னு தெரியலையா, இல்ல சொல்ல விரும்பலையா?”

மார்னி பிரிக்காத சாண்ட்விச்சைப் பக்கத்து சீட்டில் வைத்தாள். ஒரு வண்டி பக்கத்தில் வந்து நின்று, யாரோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

டெவ்லின் பெருமூச்சு விட்டார். “நாளைக்குப் பதினோரு மணிக்குக் கமிட்டி. டீன், நான், இன்னொரு ஆசிரியர். வீடியோவுலதான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் யாரோ அவரைக் கூட்டிட்டு வாங்க. அவர் வாயாலயே சொல்லட்டும். இல்லைன்னா பரீட்சைக்குப் பூஜ்யம், ரெக்கார்டுலயும் ஏறும். அதைப் பாத்தா எக்ஸ்ரே படிப்புல எடுக்கமாட்டாங்க. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும், சார்.”

“சாப்பிடுங்க,” என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அடுக்களை முழுக்க மாவாக இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்புக் கூடத்தில் பியரோகி என்ற கொழுக்கட்டை விற்பார்கள். டோரீன் வேலையிலிருந்து வந்த கையோடு மாவைத் தேய்த்து, வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“கை கழுவிட்டு ஓரத்தை அழுத்து வா. போன வாரம் பாதி வெந்நீருலயே வாயைப் பொளந்துக்கிச்சு. பொளக்கட்டும், உங்கப்பா இடத்துல நின்னு அந்த புட்ச் கூவறதைக் கேட்டா எதுவுமே பொளந்துக்கும். ‘ஓ எழுபத்தி... என் கண்ணாடி எங்க’ங்கறான். அதுக்கும் ரெண்டு பேரு அட்டையில குறிச்சிட்டாங்க.”

மார்னி சிரிக்கவில்லை. “அம்மா, அப்பா எங்க?”

“எங்க போவாரு? பேஸ்மென்ட்ல. ஹீட்டர் ஓடிப் போயிடும்னு காவல் காக்கறாரு.”

“தினமுமா?”

“மத்தியானம் ஆனா இறங்கிடறாரு. நான் வேலைக்குப் போனப்புறம் என்ன பண்றாருன்னு யாருக்குத் தெரியும்? ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு? பல்லு டாக்டர் உனக்கே பல்லைப் புடுங்கிட்டாரா?”

மார்னி சொன்னாள். டெவ்லின் போட்டுக் காட்டியதை, குரலை, அது சொன்ன நாலு சொல்லை, நாளைக்குக் கமிட்டி என்பதை வரிசையாகச் சொன்னாள். டோரீனின் கை முதலில் வேகம் குறைந்தது. பிறகு நின்றது.

“ரேடியோவா இருக்கும்.”

“எந்த ரேடியோம்மா ‘கீழ கோடு’ன்னு சொல்லும்?”

“ஆஸ்பத்திரியில பேச்சு சொல்லித்தர ஒரு பொண்ணு வந்தாளே, அவ என் போட்டோவை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டி, ‘இது யாரு, பேரைச் சொல்லுங்க’ன்னு கெஞ்சினா. ‘டோ’ வரைக்கும்கூட வரல. நான் அங்கேயேதான் நின்னுட்டிருந்தேன்.” டோரீன் கையிலிருந்த மாவைத் தட்டினாள். “பேச வந்தா அவரு என்கிட்ட பேசியிருக்க மாட்டாரா?”

“அது அப்பா குரல்தாம்மா.”

“டிவின்னு சொல்லிடு. பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னல்கிட்ட நின்னு போன் பேசினான்னு சொல்லு. யாரு வந்து பாக்கப் போறா?”

“குரலோட ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. பக்கத்து வீட்டுக்காரனையா கூட்டிட்டுப் போறது?”

டோரீன் ஒரு பியரோகியின் ஓரத்தைத் தேவைக்கு மேல் அழுத்தினாள்.

மார்னி நேராகக் கீழே போகவில்லை. முதலில் தன் அறைக்குப் போனாள். கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே தரையில் ஒரு கம்பிச் சட்டம் பதித்திருக்கும். கீழே ஓடும் ஹீட்டரின் சூடு அதன் வழியாகத்தான் மேலே வரும். செவ்வாய்க்கிழமை லேப்டாப் மேஜையில் அதை ஒட்டிய ஓரத்தில் இருந்தது. அவள் குப்புறப் படுத்துக் காதை அந்தக் கம்பியில் வைத்தாள். சூடான காற்றும் உறுமலும் வந்தன. கன்னம் சுட்டது. எடுக்கவில்லை.

உறுமல் நின்றது.

ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பிறகு, “ஐ... இருபத்திரெண்டு.”

மறுபடி உருளல். “ஜி... அம்பத்திநாலு.”

சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் மார்னிக்குப் பயம்தான் வந்தது. இறந்துபோன யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. எழுந்திருக்கத் திரும்பியபோது வாசலில் டோரீன் நின்றுகொண்டிருந்தாள். மாவுக் கையை நெஞ்சில் வைத்திருந்தாள். சட்டையில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

அவள்தான் முதலில் இறங்கினாள். மார்னி பின்னால் ஓடினாள்.

ஹீட்டருக்குப் பக்கத்தில், பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே, லென் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மேஜையில் பழைய கம்பிக் கூண்டு இருந்தது. கூடத்தில் காற்றில் பந்தைத் தூக்கும் மெஷின் வாங்கியபோது, கையால் சுற்றும் இந்தக் கூண்டை அவருக்கே கொடுத்திருந்தார்கள். இடது கையில் ஒரு பந்து. இருவரையும் பார்த்ததும், திருடும்போது பிடிபட்டவரைப் போல அந்தக் கையை மூடிக்கொண்டார்.

“பேசு,” என்றாள் டோரீன்.

லென் தலையை ஆட்டினார்.

“இப்பப் பேசின இல்ல? நான் கேட்டேன். பேசு, லென்.”

“ட...” அவர் முகம் சிவந்தது. வாயின் வலது ஓரம் தொங்கியது. “ட... ட...”

“மரக்கட்டைப் பந்துக்குப் பேச்சு வருது. எனக்கு வரலியா?”

“அம்மா, விடும்மா. உருப்போட்டது வேற இடத்துல இருக்குமாம். பாட்டு வரும், ஜெபம் வரும், பேச்சு வராதுன்னு அந்தப் பொண்ணு அப்பவே சொன்னா. அது அவர் கையில இல்ல.”

“அப்ப நான் பாட்டுலயும் இல்ல, ஜெபத்துலயும் இல்ல.” டோரீனின் குரல் உடைந்தது. “இந்த மனுஷனோட வாயை மூட முடியாம எத்தன வருஷம் தவிச்சேன் தெரியுமா? கல்யாணத்தன்னைக்குப் பாதிரியாரையே பேச விடல. இப்ப என் பேரு ஒண்ணைச் சொல்ல...”

லென் மெல்ல எழுந்து, மேஜையின் மூலையிலிருந்த காபி டப்பாவை எடுத்து அவளுக்குக் காட்டினார். உள்ளே பந்துகள். கூண்டைக் காட்டினார், தொண்டையைத் தொட்டார், தலையை அசைத்தார். டப்பாவைக் காட்டினார், தொண்டையைத் தொட்டார், இல்லை என்றார். பிறகு ஜன்னல் வழியே தீயணைப்புக் கூடம் இருக்கும் பக்கத்தைக் காட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்தார். பொறு.

மார்னிக்குப் புரிந்தது. வாயில் வரும் எண்கள் கூண்டில். வராதவை டப்பாவில். டப்பா காலியாகும் நாளில் புட்சின் கையிலிருந்து அந்த மேடையைத் திரும்ப வாங்கிக்கொள்ள நினைத்திருக்கிறார். அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று இருந்திருக்கிறார். டப்பாவில்தான் பந்து அதிகம்.

அவள் அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

“அப்பா, செவ்வாய்க்கிழமை நான் மேல பரீட்சை எழுதிட்டிருந்தேன். நீங்க கூவினது மேல கேட்டிருக்கு. மைக்குல பதிஞ்சிருக்கு. நான் அப்ப போட்டுட்டிருந்த கணக்குக்கு விடை ஒம்பது. அந்த எழுத்தும் பி. யாரோ எனக்கு விடை சொல்லித்தந்தாங்கன்னு நெனைக்கறாங்க.”

லென் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். புரிந்துகொள்வதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் கண் பெரிதானது. கையிலிருந்த பந்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“உங்க மேல தப்பு இல்லப்பா. ஆனா நாளைக்கு அவங்க முன்னாடி நீங்க கூவிக் காட்டணும். நாலு பந்து போதும். இது கணக்குக்கு விடை இல்ல, பிங்கோன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்.”

அவர் வேகமாகத் தலையை ஆட்டினார்.

“ஒரே ஒரு தடவ பாக்கலாம்பா.”

அவள் மேலே ஓடி லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துக் கேமராவைப் போட்டாள். திரையில் லெனின் முகம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் சவரத்தைக்கூடக் கண்ணாடி பார்க்காமல்தான் செய்துகொள்கிறார் என்பது அந்த நொடியில்தான் மார்னிக்கு உறைத்தது. அவர் தன் தொங்கிய வாயையே பார்த்துக்கொண்டு பந்தைத் தூக்கினார்.

“ஐ...”

காத்திருந்தார்கள்.

“ஐ... ஐ...”

அவர் இடது கையால் லேப்டாப்பை அறைந்து மூடினார். முழங்கை பட்டுக் கூண்டு சாய்ந்தது. பந்துகள் சிமென்ட் தரை முழுக்க ஓடின.

“போதும்,” என்றாள் டோரீன். “படிச்சவங்க மூணு பேரு முன்னாடி இவரை உக்கார வெச்சு வேடிக்கை காட்ட நான் விடமாட்டேன்.”

“அப்ப நான் என்னம்மா பண்றது?”

டோரீன் சாய்ந்த கூண்டை நிமிர்த்தி வைத்தாள்.

மார்னி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாள். டெவ்லினுக்கு மெயில் எழுதினாள். குரல் தன் அப்பாவினுடையது, அவர் பிங்கோ எண்களைப் பழகுகிறார், மீதிப் பதிவையும் சத்தம் கூட்டிக் கேளுங்கள், வேறு எண்களும் இருக்கும். நாலு முறை திருத்தி அனுப்பினாள்.

பதில் சீக்கிரமே வந்தது. ‘முழுவதும் கேட்டேன். ஹீட்டர் சத்தத்துக்கு அடியில் ஏதோ முணுமுணுப்பு இருக்கிறது. சொற்கள் பிரியவில்லை. உங்கள் அப்பாவுக்குப் பேச வராது என்று தேர்வின் தொடக்கத்தில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நாளை அவரையே கேட்கிறோம்.’

அவள் வெள்ளைத் தாளை எடுத்து ஏழாம் கேள்வியைப் போட்டாள். ஒன்பது. தாளைத் திருப்பி மறுபடி போட்டாள். ஒன்பது. மைனஸ் நாலு வரும் இடத்தில் பென்சில் தானாக நின்றது. இப்போது நிற்கிறது. செவ்வாய்க்கிழமை நிற்கவில்லை. அன்று வீடு அமைதியாக இருந்திருந்தால் அந்த ஒன்றை அவள் கண்டுபிடித்திருப்பாளா, அப்படியே விட்டிருப்பாளா? இந்தக் கேள்விக்கு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு எதைக் கொண்டுபோனாலும் விடை வரவில்லை.

படியில் சத்தம் கேட்டது. ஒரு காலை வைத்து, இழுத்து, மறுபடி வைக்கும் சத்தம். வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

கதவு திறந்தது. லென் இடது கையால் கூண்டை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. உதவிக்கு எழுந்தவளைக் கண்ணாலேயே உட்காரச் சொல்லிவிட்டு, கூண்டை அவள் மேஜையில், தாள்களின் மேலேயே வைத்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார்.

பின்னால் டோரீன் வந்தாள். ஏப்ரனை மடித்துப் பிடித்திருந்தாள். அதில் பந்துகள். இருவர் முட்டியிலும் சிமென்ட் தூசி. நிலவறைத் தரையில் தவழ்ந்து பொறுக்கியிருக்கிறார்கள்.

“அந்தப் பெட்டியைத் திறக்காத,” என்றாள் மார்னியைப் பார்க்காமல். “அவர் மூஞ்சியை அவரே பாத்தா வாய் அடைச்சுக்குது. நாளைக்கு நான் லீவு சொல்லிட்டேன். பியரோகியை அந்த புட்ச் பொண்டாட்டி வந்து எடுத்துட்டுப் போகட்டும்.”

நாற்காலியை இழுத்து லெனுக்கு எதிரே போட்டுக்கொண்டாள். கூண்டில் பந்துகளைக் கொட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். விழுந்த பந்தை எடுத்து, என்ன எண் என்று தான் பார்க்காமலேயே அவர் முன் நீட்டினாள்.

லென் பந்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“என்... முப்பத்தொண்ணு.”

டோரீன், அவர் உப்புக் கேட்டதுபோல் சாதாரணமாகத் தலையாட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள். அவள் காது மட்டும் சிவந்திருந்தது.

அடுத்தது வரவில்லை. பந்தை ஓரமாக வைத்தாள். அதற்கடுத்தது வந்தது. அதற்கடுத்தது பாதி வந்து நின்றது.

“நீதான் அவசரப்படறியோ? அந்தக் காலத்துல மேடையில காபி குடிச்சிட்டுத்தான அடுத்த பந்தை எடுப்ப? ஜனங்க காத்துக்கிட்டு இருந்தாங்க இல்ல? நாளைக்கு அந்த டீனும் காத்துக்கிட்டு இருக்கட்டும்.”

லெனின் வாயின் இடது ஓரம் மேலே போனது. சிரிப்புதான்.

“கமிட்டியில எத்தன பந்து கேப்பாங்க?” என்றாள் டோரீன்.

“தெரியலம்மா. அந்த ஒம்பதைக் கட்டாயம் கேப்பாங்க.”

டோரீன் கூண்டுக்குள் கையை விட்டுத் தேடி அந்தப் பந்தை எடுத்தாள். அடியில் கோடு. அவர் முன்னால் பிடித்தாள்.

லென் பார்த்தார். நெற்றி நரம்பு எழுந்தது. உதடு ‘பி’க்குக் குவிந்தது. குவிந்தபடியே நின்றது. கீழே ஹீட்டர் ஒருமுறை ஓடி அடங்கும் வரை டோரீன் கையை இறக்கவில்லை.

எதுவும் வரவில்லை.

டோரீன் அந்தப் பந்தை வராதவற்றோடு வைக்கவில்லை. ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, “காலையில பாக்கலாம். எழுந்திரு, சாப்பிடலாம்,” என்றாள்.

இருவரும் போன பிறகு மார்னி கூண்டை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். அன்றைய தவறு என்று எதையும் எழுதவில்லை. மறுநாள் வேலையை மட்டும் எழுதினாள்.

நாளை, வெள்ளி. பதினோரு மணிக்குக் கமிட்டி. அதற்கு முன் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட வேண்டும். கமிட்டி தொடங்கும்போது ஹீட்டரை நிறுத்த வேண்டும். லேப்டாப் திரையில் அப்பா முகம் அப்பாவுக்குத் தெரியாதபடி துணி போட வேண்டும். பந்தை எடுத்து நீட்டுவது அம்மா. ஒன்பது வராவிட்டால் வரும்வரை காத்திருக்கும்படி அவர்களிடம் நான் கேட்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அந்தக் குரல் உன் காதில் விழுந்ததா என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.